கல்லாவில் குறையும் ஒரு காசு

கணினி தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் தரும் இப்பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில், பணக் கணக்கைப் பற்றியவை மட்டுமே தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் வேறெதையும் தொடவில்லை.

கேள்வி: எங்கள் குடும்பம் சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு மளிகைக் கடை நடத்துகிறது. ரசீது போடும் நிரலை நானே ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். விலையை 100ஆல் பெருக்கிக் காசாக்கி, தசமப் பகுதியை வெட்டிவிட்டு முழு எண்ணாகச் சேமிக்கிறேன். 1 வெள்ளி 15 காசு விலையுள்ள முறுக்குப் பொட்டலம் 114 காசு என்றே பதிவாகிறது. 1 வெள்ளி 25 காசுப் பொருளில் அந்தத் தவறு வருவதில்லை. பழைய பேரேட்டுக்கே திரும்பிவிடலாம் என்று அப்பா சொல்லத் தொடங்கிவிட்டார். பிழை என் நிரலிலா, மொழியிலா?

பதில்: காசை முழு எண்ணாகச் சேமிக்க நினைத்தது சரியான முடிவு, அங்கே போய்ச் சேர்ந்த வழியில்தான் சறுக்கல். நீங்கள் 1.15 என்று எழுதியதும் இயந்திரம் அதை இரும எண்ணாக (0, 1 ஆகிய இலக்கங்களால் மட்டும் எழுதும் எண்ணாக) மாற்றிக்கொள்கிறது. இரும எண்ணில் 1.15 முடிவின்றி நீளும் என்பதால், தனக்குள்ள இடத்தில் அடங்கும் மிக அருகிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்கிறது. அந்த எண் 1.15ஐவிட இம்மியளவு குறைவு. அதை 100ஆல் பெருக்கினால் கிடைப்பது 114.99999999999999. நீங்கள் வெட்டியது வெறும் தசமப் பகுதி என்று நினைத்தீர்கள்; உண்மையில் வெட்டுப்பட்டது ஏறத்தாழ ஒரு முழுக் காசு.

1.25 ஏன் தப்பித்தது என்பதற்கு நம் பழைய கீழ்வாய் எண்களே (பின்னங்களே) நல்ல விளக்கம். அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவை ஒன்றை மேலும் மேலும் பாதியாக்கிக்கொண்டே போனால் கிடைப்பவை: 1/2, 1/4, 1/8, 1/16. இரும எண்ணும் பாதியாக்குவதை மட்டுமே அறிந்தது என்பதால் இவை நான்கும் அதில் கச்சிதமாக அடங்கும். மா என்பது 1/20, காணி என்பது 1/80, முந்திரி என்பது 1/320. இவற்றின் பகுதிகளில் (கீழெண்களில்) ஐந்து என்ற காரணி ஒளிந்திருப்பதால் இவை எதையும் பாதியாக்கிப் பாதியாக்கி எட்ட முடியாது. (மாவையும் காணியையும் கூட்டினால் ஐந்து நீங்கி மாகாணியாகிவிடும் என்பது தனி வேடிக்கை, அந்தப் பெயரே அந்தக் கூட்டல்தான்.) ஒரு காசு என்பது ஒரு வெள்ளியில் 1/100, அதிலும் ஐந்து இருக்கிறது. எனவே ஒரு வெள்ளிக்குள் வரக்கூடிய 100 காசுத் தொகைகளில் இரும எண்ணில் பிசகின்றி நிற்பவை 0, 25, 50, 75 ஆகிய நான்கு மட்டுமே. மற்ற 96 தொகைகளும் சற்றுக் கூடியோ குறைந்தோதான் நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் குறை பெருக்கும்போது முழுமையாகி மறைந்துவிடுவதால் உங்கள் கண்ணில் படவில்லை. 1.10ஐ 100ஆல் பெருக்கிப் பாருங்கள், 110.00000000000001 என்று வரும். அது கூடுதல் பக்கம் சாய்ந்ததால் வெட்டியும் தப்பித்தது.

மொழியைக் குறை சொல்ல முடியாது. ஜாவா, பைத்தான், சி என எதில் எழுதியிருந்தாலும் சாதாரண தசம எண் 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரத்தின்படியே சேமிக்கப்படும், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் எல்லாவற்றிலும் 0.30000000000000004 அளவில்தான் நிற்கும்.

திருத்தம் சிறியது. விலை உங்கள் நிரலுக்குள் எழுத்துச் சரமாகத்தானே வருகிறது? அந்தச் சரத்தைப் புள்ளியின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்து, வலப்பக்கத்தை இரண்டு இலக்கத்துக்கு நிரப்பி, முழு எண்ணாகப் படியுங்கள், ‘1.5’ என்று யாராவது தட்டினால் அது 105 ஆகாமல் 150 ஆகவேண்டும் என்பதால்தான் நிரப்பச் சொல்கிறேன். அதற்கு நேரமில்லை என்றால், பெருக்கிய பின் வெட்டுவதற்குப் பதிலாக அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றினாலும் மளிகைக் கடை விலைகளுக்குப் போதும். ஆனால் 0.0001 போன்ற ஒரு சிறு எண்ணை அங்கங்கே கூட்டிச் சரிக்கட்டும் பழக்கத்தைத் தொடங்காதீர்கள். அடுத்த ஆண்டு அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்கே நினைவிருக்காது. தரவுத்தளத்தில் விலைப் பத்தி ‘ஃபுளோட்’ (இரும எண்) வகையில் இருந்தால் அதையும் ‘டெசிமல்’ (பதின்ம எண்) வகைக்கோ முழு எண்ணுக்கோ மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சேவைக் கட்டணம் வாங்கும் உணவகம். 8 வெள்ளி 85 காசு உணவுக்கு எங்கள் இயந்திரம் 10.62 வெள்ளி என்று ரசீது தந்தது. வாடிக்கையாளர் கைத்தொலைபேசியில் 8.85ஐ 1.199ஆல் பெருக்கிக் காட்டி, 10.61தான் சரி என்று வாதிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: இருவரின் கூட்டல் பெருக்கலிலும் தவறில்லை, எத்தனை முறை காசுக்கு முழுமையாக்கினீர்கள் (அருகிலுள்ள முழுக் காசுக்கு மாற்றினீர்கள்) என்பதில்தான் வேறுபாடு. உங்கள் இயந்திரம் முதலில் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தைக் கணக்கிட்டது: 88.5 காசு, அதாவது 89 காசு. உணவும் சேவையும் சேர்ந்த 9.74 வெள்ளிக்கு 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரி 87.66 காசு, அதாவது 88 காசு. மொத்தம் 10.62. வாடிக்கையாளர் இரண்டு விழுக்காடுகளையும் ஒன்றாக்கி (1.10 × 1.09 = 1.199), இடையில் எங்கும் நிறுத்தாமல் 10.61115 வரை சென்று கடைசியில் ஒரே முறை முழுமையாக்கினார்.

உங்கள் பக்கமே என் தீர்ப்பு. சேவைக் கட்டணமும் வரியும் ரசீதில் தனித்தனிப் பதிவுகளாக அச்சாகின்றன. அச்சான பதிவுகளைக் கூட்டினால் அச்சான மொத்தம் வரவேண்டும். அது வராத ரசீதை எந்தக் கணக்காளரும் ஏற்கமாட்டார், எந்த வாடிக்கையாளருக்கும் விளக்கவும் முடியாது. காசாக எழுதிக் காட்டிய இடத்தில் காசாக முழுமையாக்குங்கள். எழுதிக் காட்டாத இடத்தில் முழுமையாக்காதீர்கள்.

ஆனால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். 88.5 என்பது சரிபாதி. இதை 0.885 வெள்ளி என்று இரும எண்ணாக வைத்திருந்தால் அது பாதிக்குச் சற்று மேலோ கீழோ நிற்கும். 89ஆ 88ஆ என்ற முடிவை உங்கள் விதி எடுக்காமல் இயந்திரத்தின் எச்சம் எடுத்துவிடும். 1.005ஐ இரண்டு தசம இடத்துக்கு மாற்றச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 1.01 தராமல் 1.00 தருவது இதனால்தான். முழு எண்ணில் இந்தச் சிக்கலே இல்லை: 885ஐ 10ஆல் பெருக்கினால் 8850, அதனுடன் 50ஐக் கூட்டி 100ஆல் வகுத்து ஈவை மட்டும் எடுத்தால் 89. வரிக்கு 974ஐ 9ஆல் பெருக்கினால் 8766. 50ஐக் கூட்டி வகுத்தால் ஈவு 88. தொகை திருப்பித் தரும்போது எண் எதிர்மறையாகும் என்பதால் அங்கே மட்டும் 50ஐக் கூட்டாமல் கழிக்கவேண்டும்.

வரியைப் பொருளுக்குப் பொருள் கணக்கிடுவதா, மொத்தத்தில் கணக்கிடுவதா என்பதும் இதே வகைக் கேள்விதான். வரிக்கு முன் 95 காசு விலையுள்ள மூன்று பொருள்களுக்குத் தனித்தனியே வரி போட்டால் 8.55 காசு 9 காசாகி, மூன்றும் சேர்ந்து 27 காசு, 2.85 வெள்ளிக்கு ஒரே முறை போட்டால் 25.65, அதாவது 26 காசு. விலைப்பட்டியலின் மொத்த வரியை அருகிலுள்ள காசுக்கு முழுமையாக்க உள்நாட்டு வருவாய் ஆணையம் இடம் தருகிறது. எந்த முறையை எடுத்தாலும் எல்லா ரசீதுகளிலும் அதையே பின்பற்றுங்கள்.

வரி விகிதத்தை நிரலுக்குள் பதித்துவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது 2022 வரை 7, 2023இல் 8, 2024 தொடக்கத்திலிருந்து 9 விழுக்காடு. 2023 டிசம்பரில் 8 விழுக்காட்டில் விற்றதை ஜனவரியில் திருப்பிக்கொடுத்தபோது 9 விழுக்காட்டில் கணக்கிட்ட இயந்திரங்கள் இருந்திருந்தால் வியப்பில்லை. விகிதமும் ரசீதோடு சேமிக்கப்படவேண்டும்.

ரொக்கமாகக் கொடுத்தால் 10.60 என்று 5 காசுக்குச் சரிசெய்வது இன்னொரு படி. சிங்கப்பூரில் 1 காசு நாணயங்களை வெளியிடுவது 2002இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அவை இன்றும் செல்லும் என்றாலும் கல்லாவில் காண்பது அரிது. இந்தச் சரிசெய்தலை வரியெல்லாம் முடிந்த மொத்தத்தில், தனிப் பதிவாக, ரொக்கத்துக்கு மட்டும் செய்யுங்கள். அட்டையிலோ பேநவ் மின்பரிமாற்றம் வழியாகவோ வரும் பணம் 10.62ஆகவே வரட்டும்.

கேள்வி: எக்செலில் 95 காசுப் பொருள்களின் வரிப் பத்தி முழுவதையும் இரண்டு தசம இடத்துக்கு மாற்றிவிட்டேன். ஆனாலும் 0.09, 0.09, 0.09 ஆகியவற்றின் கூட்டல் 0.26 என்று காட்டுகிறது.

பதில்: நீங்கள் மாற்றியது தோற்றத்தை, உள்ளே இருப்பது 0.0855தான். ‘ரவுண்ட்’ செயற்கூற்றை ஒவ்வோர் அறையிலும் பயன்படுத்தினால் மதிப்பே மாறும், கூட்டலும் 0.27 ஆகும்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘டபுள்’ (இரும வடிவில் சேமிக்கும் சாதாரண தசம) எண்ணில் 15, 16 இலக்கத் துல்லியம் இருக்கும்போது, காசுக்கு இரண்டு இலக்கம் போதுமே, எதற்கு இவ்வளவு அச்சம் என்று வகுப்பில் கேட்டேன். ஜாவாவின் ‘பிக்டெசிமல்’ எண் வகையைப் பயன்படுத்து என்று மட்டும் பதில் வந்தது. அதைப் பயன்படுத்தியும் 0.1 என்பது 0.1000000000000000055 என்று நீளமாக அச்சாகிறது.

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. ஒரு கூட்டலுக்கோ நூறு கூட்டலுக்கோ ‘டபுள்’ எண்ணின் பிழை ஒரு காசை எட்டவே எட்டாது. சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, வெட்டுவதும் ஒப்பிடுவதும்: மேலே முறுக்குப் பொட்டலத்தில் பார்த்ததுபோல், கண்ணுக்குத் தெரியாத எச்சம் எல்லைக்கோட்டில் நிற்கும்போது முழுக் காசாகப் பெருத்துவிடும், வாங்கிய தொகையும் கொடுக்கவேண்டிய தொகையும் சமமா என்ற சோதனை ‘இல்லை’ என்று சொல்லும். மற்றொன்று, ஒரே பக்கம் சாயும் சிறு பிழை பல்லாயிரம் முறை சேர்வது.

இரண்டாவதற்குப் பெயர்பெற்ற சான்று கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை. 1982 ஜனவரியில் 1,000 புள்ளியில் தொடங்கிய அதன் குறியீடு, ஒவ்வொரு வணிகத்துக்குப் பின்னும் புதிதாகக் கணக்கிடப்பட்டு, மூன்று தசம இடத்துக்கு அப்பால் உள்ளவை வெட்டப்பட்டன. முழுமையாக்கியிருந்தால் ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். வெட்டியதால் எப்போதும் குறைந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ மூவாயிரம் முறை இப்படி நடந்ததில், 1983 நவம்பரில் குறியீடு 524 அளவில் நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது அது 1,098க்கு மேல் இருந்தது. சந்தை விழவில்லை, கணக்குத்தான் விழுந்துகொண்டே இருந்தது.

‘டபுள்’ எண்ணுக்குப் பதில் ‘ஃபுளோட்’ எடுத்தவர்களின் நிலை இன்னும் மோசம். அதில் 24 இரும இலக்கங்களே உள்ளன. 131,072 வெள்ளியைத் தாண்டிவிட்டால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான தொலைவு ஒன்றரைக் காசுக்கு மேல். அங்கே காசு என்பதே இல்லை. ஒரு வீட்டு விலையை அதில் எழுதமுடியாது.

‘பிக்டெசிமல்’ உங்களைக் கைவிடவில்லை. 0.1 என்ற எண்ணை நேராகக் கொடுத்தால், அது ‘பிக்டெசிமல்’ கையில் சேர்வதற்கு முன்பே இரும எண்ணாகிக் கெட்டுவிட்டது. கெட்டதை அது நேர்மையாக அச்சிடுகிறது. மேற்கோள்குறிக்குள் எழுத்துச் சரமாகக் கொடுங்கள். பைத்தானின் ‘டெசிமல்’ வகைக்கும் இதே விதிதான். ஜாவாவில் இன்னொரு பொறியும் உண்டு: ‘ஈக்குவல்ஸ்’ கொண்டு ஒப்பிட்டால் 2.0ஐயும் 2.00ஐயும் வேறு என்று சொல்லும். பணத்துக்கு ‘கம்பேர்டூ’ பயன்படுத்துங்கள்.

எந்தக் கருவியை எடுத்தாலும் சரிபாதியை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். பள்ளியில் பாதியை மேலே தள்ளக் கற்றோம். பைத்தானின் ‘ரவுண்ட்’ இரட்டைப்படை எண்ணின் பக்கம் தள்ளும்: 2.5ஐக் கொடுத்தால் 2, 3.5ஐக் கொடுத்தால் 4. நீண்ட பட்டியலில் கூடுதலும் குறைவும் சமன்படும் என்பதால் அதற்கும் காரணம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் ஒன்று சொல்ல, மொழியின் இயல்பு வேறொன்று செய்வதே நான் அதிகம் கண்ட பிழை.

கேள்வி: சிறு நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்கு நிரல் எழுதினேன். 3,234 வெள்ளி சம்பளம் வாங்கும் 40 வயது ஊழியருக்கு மத்திய சேம நிதியில் முதலாளி பங்கு 17 விழுக்காடு, அதாவது 549.78, ஆகவே 550 வெள்ளி என்று போட்டேன். அது 551 என்று இருக்கவேண்டும் என்று தலைமைக் கணக்காளர் சொல்கிறார். தசமப் பிழையா?

பதில்: இல்லை; இது இரும எண்ணின் குற்றமன்று, வரிசையின் குற்றம். உலகத்தின் மிகத் துல்லியமான கருவியைக் கொண்டு கணக்கிட்டாலும் நீங்கள் போட்ட முறையில் 550தான் வரும். விதி இப்படிச் செல்கிறது: முதலில் இரு பங்கும் சேர்ந்த மொத்தமான 37 விழுக்காட்டைக் கணக்கிட்டு அருகிலுள்ள வெள்ளிக்கு முழுமையாக்கவேண்டும், 50 காசும் அதற்கு மேலும் ஒரு வெள்ளியாகும், ஊழியர் பங்கான 20 விழுக்காட்டில் காசை விட்டுவிடவேண்டும், முதலில் வந்ததிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதே முதலாளியின் பங்கு. உங்கள் ஊழியருக்கு மொத்தம் 1,196.58, ஆகவே 1,197. ஊழியர் பங்கு 646.80, ஆகவே 646. முதலாளி பங்கு 551. ஊழியர் பக்கம் காசை விட்டுக்கொடுத்து, மிச்சத்தை முதலாளி ஏற்கும்படி அமைந்த விதி இது. 17 என்ற எண் நிரலில் எங்குமே வரவேண்டியதில்லை. வயது கூடும்போது விகிதங்கள் மாறும், வரிசை மாறாது.

கேள்வி: எல்லாவற்றையும் காசாக முழு எண்ணில் வைத்தால் போதும் என்கிறார்களே, வட்டிக்கும் வெளிநாட்டு நாணயத்துக்கும் அது சரிவருமா?

பதில்: வராது. 1,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 0.05 விழுக்காடு வட்டி என்று வையுங்கள்: ஆண்டு முடிவில் 50 காசு. நாள்தோறும் கணக்கிட்டால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 0.137 காசு, அன்றன்றே காசுக்கு முழுமையாக்கினால் 365 நாளும் சுழியம்தான். சேரும் வட்டியைப் பல தசம இடங்களுடன் ‘டெசிமல்’ வகையில் வைத்திருந்து, கணக்கில் வரவு வைக்கும் நாளில் மட்டும் முழுமையாக்குங்கள். மின்கட்டணம்போல் ஓர் அலகின் விலையே காசுக்குக் கீழே இரண்டு இலக்கம் வரை செல்லும் இடங்களிலும் அப்படியே.

நாணயங்களைப் பொறுத்தவரை, ‘100ஆல் பெருக்கு’ என்பதைப் பொது விதியாக்கிவிடாதீர்கள். ஐஎஸ்ஓ 4217 பட்டியலின்படி ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே இல்லை. குவைத் தினாருக்கு மூன்று. தொகையையும் நாணயக் குறியீட்டையும் எப்போதும் சேர்த்தே சேமியுங்கள். 32 இரும இலக்க முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய தொகை 21,474,836 வெள்ளி 47 காசு என்பதால் 64 இலக்க எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: 1 வெள்ளி தள்ளுபடிப் பற்றுச்சீட்டை 2, 2, 3 வெள்ளி விலையுள்ள மூன்று பொருள்களுக்கு விகிதப்படி பிரித்தேன். தனித்தனியே முழுமையாக்கியதில் 29, 29, 43 என்று 101 காசு கழிந்துவிட்டது.

பதில்: பிரிக்கும்போது எதையும் முழுமையாக்காதீர்கள், முதலில் எல்லாவற்றையும் வெட்டுங்கள். பங்குகள் 28.57, 28.57, 42.86, வெட்டினால் 28, 28, 42, மொத்தம் 98. மிஞ்சிய 2 காசை, வெட்டுப்பட்ட பகுதி எதில் பெரிதோ அதிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாகக் கொடுங்கள்: மூன்றாவது பொருளுக்கு ஒன்று, முதல் பொருளுக்கு ஒன்று. 29, 28, 43 என்று சரியாக 100 ஆகும். சமமாக நின்ற இரண்டில் முதலாவதற்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டால், ரசீதில் அது முன்னால் இருக்கிறது என்பதே போதுமான காரணம். ஆனால் அந்தக் காரணம் ஒவ்வொரு முறையும் அதேயாக இருக்கட்டும். பிரித்த தொகைகளை ரசீதுடனேயே சேமித்து வையுங்கள். 2 வெள்ளிப் பொருளை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் அவருக்கு 1 வெள்ளி 71 காசு தருவதா, 72 காசு தருவதா என்பது அவர் கையில் இருப்பது எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது. மீதமுள்ள இரண்டு பொருள்களை வைத்து நிரல் மறுபடியும் விகிதம் போட்டால் அந்தக் காசு மீண்டும் காணாமற்போகும்.